மரத்துப்போன காலும் எழுந்திருக்கும் உரிமையும்

சென்ற மார்கழியில், பம்பாய் மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கு அருகே நடைபெற்ற ராதா கல்யாண வைபவத்தில், தோடய மங்களம் தொடங்கி அஷ்டபதிகள் நிறைவுறும்வரை மூன்று மணி நேரத்துக்கும் மேலாகச் சம்மணமிட்டு அமர்ந்திருந்துவிட்டு, ஆரத்திக்காகச் சபையோர் அனைவரும் எழுந்தபோது நானும் எழ முயன்றேன். இடது கால் எழவில்லை. யாருடையதோ ஓர் அவயவத்தைக் கொண்டுவந்து என் சரீரத்தில் பொருத்தியதுபோல அது துவண்டு மடங்கிற்று. பக்கத்திலிருந்த இளைஞர் ஒருவர் தோளைத் தாங்கிப் பிடித்திராவிட்டால், எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கின் மேலேயே சாய்ந்திருப்பேன். “மாமா, அப்படியே உக்காருங்கோ, கால் மரத்துப்போயிருக்கு, பெருவிரலைப் பிடிச்சு இழுத்து விடுங்கோ” என்று பின்வரிசையிலிருந்த ஒரு மாமி சொன்னார். உட்கார்ந்தேன், இழுத்தேன், முதலில் ஒன்றுமில்லை, பிறகு ஆயிரம் எறும்புகள் ஒருசேர ஊர்ந்தன, பிறகு ஊசிகள் குத்தின, ஐந்து நிமிஷத்தில் எல்லாம் அடங்கிக் கால் மீண்டும் என் காலாயிற்று.

இதை அன்றே மறந்திருப்பேன். ஆனால் இரண்டு நாள் கழித்து, ஒரு கல்யாணச் சீருக்காக முறுக்கு சொல்லிவைக்கத் தாராவியில் ஒரு வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அடுப்பின் முன் குந்தியிருந்து முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அம்மாள் எனக்குக் கணக்குச் சொல்ல எழுந்தவர், எழுந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கணம் அப்படியே நின்றார். “என்னம்மா, தலைசுற்றுகிறதா?” என்று கேட்டேன். “இல்ல சார், கால் மரத்துப்போச்சு. ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இப்படித்தான். கொஞ்சம் நின்னா சரியாயிரும்” என்றார், மழை வருகிறது, வெயிலடிக்கிறது என்று சொல்வதுபோல. எனக்கு வருஷத்தில் ஒருமுறை நேர்ந்து, சபையே திரும்பிப் பார்த்த விஷயம், அவருக்கு நாளில் பத்துமுறை நேர்ந்து, அவருடைய வீட்டார்கூடத் திரும்பிப் பாராத விஷயமாக இருக்கிறது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்த ‘பத்துத் தடவை’ என்ற சொல்தான்.

கால் ஏன் மரத்துப்போகிறது? ‘ரத்த ஓட்டம் நின்றுபோய்விட்டது’ என்பதே நம் ஜனங்கள் சாமான்யமாகச் சொல்லும் காரணம். அது பாதி உண்மை. மரத்துப்போன காலைத் தொட்டுப் பாருங்கள்: பெரும்பாலும் அது வெதுவெதுப்பாகவே இருக்கும், நிறமும் மாறியிராது, ஆகவே கால் முழுவதற்கும் இரத்தம் நின்றுபோனதாகக் கொள்ள இடமில்லை. பட்டினி கிடப்பது கால் அன்று, காலின் செய்தியை முதுகுத்தண்டுக்கும் மூளைக்கும் ஏந்திச்செல்லும் நரம்பு. நரம்பு என்பதை வெறும் கம்பியென்று எண்ணுவது தவறு. அது ஜீவனுள்ள வஸ்து. அதற்கென்றே மயிரினும் நுண்ணிய இரத்தக்குழாய்கள் அமைந்திருக்கின்றன. அவற்றின் வழியே வரும் பிராணவாயுவைக் கொண்டுதான், சோடியத்தை வெளியே தள்ளியும் பொட்டாசியத்தை உள்ளே இழுத்தும், தன் சவ்வின் இருபுறமும் ஒரு மின்னழுத்த வேறுபாட்டை அது ஓயாமல் காத்துவருகிறது. தரைக்கும் எலும்புக்கும் இடையே, அல்லது ஒரு காலுக்கும் மற்றொரு காலுக்கும் இடையே, நரம்பு அகப்பட்டு நசுங்கும்போது அந்த நுண்குழாய்கள் அடைபடுகின்றன. நரம்பின் உறையும் அழுத்தத்தால் இடம் பெயர்கிறது. வேறுபாடு குலைய, செய்தி நடுவழியில் நின்றுவிடுகிறது.

1931 ஆம் ஆண்டில் லண்டனில் தாமஸ் லூயிஸ் என்ற வைத்திய விஞ்ஞானியும் அவருடைய துணைவர்களும், இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையை மேற்கையில் கட்டி, இரத்தம் கீழே இறங்காதபடி காற்றை ஏற்றி, உணர்ச்சிகள் எந்த வரிசையில் விடைபெறுகின்றன என்பதைப் பொறுமையாகக் குறித்துவைத்தார்கள். ஏறக்குறையக் கால்மணி நேரத்தில் விரல்நுனிகளில் தொடுவுணர்ச்சி மங்கத் தொடங்கி, அந்த மரப்பு மெல்ல மெல்ல மணிக்கட்டை நோக்கி ஏறிற்று. ஊசியால் குத்தினால் வலிப்பதோ அதற்கு நெடுநேரம் பின்னும் நின்றிருந்தது. நரம்புக்கு இரத்தம் கிட்டாமையே இதற்குக் காரணமென்று அவர்கள் முடிவுகண்டார்கள். தொடுவுணர்ச்சியையும், கால் எங்கே இருக்கிறது என்ற அறிவையும் ஏந்திச்செல்பவை பருத்த நரம்பிழைகள். வலியையும் சூட்டையும் ஏந்துபவை மெல்லியவை. அழுத்தத்துக்கு முதலில் தோற்பவை பருத்தவையே. ஆகையால்தான் மரத்துப்போன காலைக் கிள்ளினால் ஓரளவு வலி தெரியும்போதே, அது தரையில் ஊன்றியிருக்கிறதா, பஞ்சின்மேல் நிற்கிறதா என்பது தெரியாமல் தடுமாறுகிறோம். வயதானவர்கள் விழுவதும் அந்தச் சமயத்தில்தான்.

எறும்பு ஊர்வதும் ஊசி குத்துவதும் நரம்பு பட்டினி கிடக்கும்போது நேர்பவை என்றே பலர் எண்ணுகிறார்கள். அவற்றின் பெரும்பங்கு உண்மையில் அழுத்தம் நீங்கிய பிறகு வருவது. 1949 இல் மெரிங்டன், நேத்தன் என்னும் இருவர் இதைத் தனியே எடுத்து ஆராய்ந்தார்கள். இரத்தம் திரும்பியவுடன் நரம்பு தன் ஒழுங்குக்கு வந்துவிடுவதில்லை; யாரும் தொடாமலே, எதுவும் குத்தாமலே, நரம்பிழைகள் தாமாகவே அலை அலையாய்ச் செய்திகளை எழுப்ப, மூளை அவற்றுக்கு ஊசியென்றும் எறும்பென்றும் அர்த்தம் கற்பித்துக்கொள்கிறது. எனவே அந்தக் குறுகுறுப்பு எவ்வளவு அசௌகரியமாயினும் நல்ல அறிகுறி; நரம்பு உயிர்த்தெழுகிறது என்பதற்கு அதுவே சாட்சி. மாமி சொன்னபடி பெருவிரலை இழுப்பதனால் நரம்புக்கு நேரே ஒரு நன்மையும் விளைவதாகத் தோன்றவில்லை. ஆனால் விரலை இழுக்க வேண்டுமானால் மடக்கிய காலை நீட்டியாக வேண்டும், எழாமல் உட்கார்ந்திருக்கவும் வேண்டும். வைத்தியம் அந்த இரண்டிலும்தான் இருக்கிறது.

சரீரத்தில் எல்லா நரம்புகளும் இப்படி எளிதில் அகப்பட்டுக்கொள்வதில்லை. பெரும்பாலானவை சதைக்குள் ஆழப் புதைந்து பாதுகாப்பாய் ஓடுகின்றன. சில இடங்களில் மட்டும், எலும்பைச் சுற்றிக்கொண்டு திரும்பவேண்டிய நிர்ப்பந்தத்தால், தோலுக்கு அடியிலேயே வந்துவிடுகின்றன. முழங்கையைக் கதவில் இடித்துக்கொண்டால் சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்தாற்போல் சுரீரென்று ஓடுகிறதே, அங்கே ஒரு நரம்பு இருக்கிறது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே, வெளிப்புறத்தில், குமிழ்போலக் கைக்குத் தட்டுப்படும் சிற்றெலும்பின் கழுத்தைச் சுற்றிக்கொண்டு மற்றொன்று ஓடுகிறது. பாதத்தை மேலே தூக்கும் தசைகளை ஆள்வது அதுதான். சம்மணமிடும்போதும், குந்தியிருக்கும்போதும், கால்மேல் கால் போடும்போதும் நசுங்குவது அந்த நரம்பு. மூன்றாவதாக, பிட்டத்தின் அடியில் இறங்கித் தொடையின் பின்புறம் ஓடும் பெருநரம்பு. பம்பாய்வாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: மூவர் அமரும் லோக்கல் ரயில் ஆசனத்தில், ‘தோடா ஸரகோ’ (சற்று நகருங்கள்) என்று கேட்டு நாலாவது ஸீட்டைப் பெற்று, பாதி உடம்பு ஆசனத்திலும் பாதி அந்தரத்திலுமாகச் செம்பூரிலிருந்து கோட்டை ஸ்டேஷன்வரை சென்றவர் எவரும், இறங்கும்போது ஒரு காலைத் தேடிப் பிடித்துக்கொண்டுதான் இறங்கியிருப்பார்.

ஆயினும் நாம் எல்லோரும் நாள்தோறும் மரத்துப்போவதில்லையே, ஏன்? ஷண்முகானந்தா சபையில் மூன்று மணி நேரம் மேடையில் சம்மணமிட்டு அமர்ந்து பாடும் வித்வானைக் கவனித்துப் பாருங்கள். ஒரு ராகம் முடிந்து மற்றொன்று தொடங்குமுன் காலை மாற்றிப் போட்டுக்கொள்வார். வயலின்காரர் தனியே வாசிக்கும்போது உடம்பை ஒருபுறம் சாய்த்துக்கொள்வார். அவருக்கே அது தெரிந்திராது. உறக்கத்திலும் நாம் இராமுழுதும் புரண்டுகொண்டேதான் இருக்கிறோம். நரம்பு முற்றும் அடைபடுமுன் மெல்லியதோர் அசௌகரியம் எழுகிறது. புத்தியைக் கேளாமலே உடல் அதற்குக் கீழ்ப்படிந்து இடம் மாறிக்கொள்கிறது. இந்த ஏற்பாட்டைப் போலச் சரீரத்தில் அரிதானது வேறில்லை என்பது என் அபிப்பிராயம். அது தவறுவது, உடல் அசையக்கூடாத நிலையில் மனம் வேறெங்கோ கட்டுண்டு கிடக்கும்போது. பஜனையில் நான் அப்படிக் கிடந்தேன். அதை நானே விரும்பி ஏற்றுக்கொண்டேன்.

தாராவியில் அசையாமல் கிடப்பவர்கள் விரும்பிக் கிடப்பவர்கள் அல்லர். ஜரிகை வேலை நடக்கும் ஒரு கார்கானாவுக்குள் சென்று பாருங்கள். நீண்ட மரச்சட்டத்தில் துணியை விறைப்பாக இழுத்துக் கட்டி, அதன் இருபுறமும் பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த இளைஞர்கள் கால்களைச் சட்டத்தின் கீழே மடக்கிக்கொண்டு, முதுகு வளைய, மணி மணியாகக் கோத்துத் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒருவன் எழுந்தால் சட்டம் அசையும். சட்டம் அசைந்தால் மற்றவனுடைய ஊசி தவறும். ஆகவே ஒருவனும் எழுவதில்லை. அடுத்த சந்தில் தோல் பை ஒட்டுகிறவர்கள். அதற்கடுத்ததில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து மூன்று தலைமுறைக்கு முன் வந்தவர்களின் பேத்திகள் முறுக்கும் அதிரசமும் சுடுகிறார்கள். கும்பார்வாடாவில் குயவர்கள் குந்தியிருந்து மண் பிசைகிறார்கள். பெரும்பாலும் உருப்படிக்கு இவ்வளவு என்றுதான் கூலி. எழுந்து காலை உதறும் இரண்டு நிமிஷமும் கூலியில் குறைவு. உடலின் அசௌகரியத்தைக் கேளாதிருக்கக் கற்றுக்கொள்வதே இங்கே தொழிலின் முதல் பாடமாக இருக்கிறது.

இதனால் என்ன குடிமுழுகிப் போயிற்று, நின்றால் சரியாகிறதே என்று கேட்கலாம். பெரும்பாலும் சரியாகிவிடுகிறது என்பதை மறுக்கவில்லை. காலோ கையோ எப்போதாவது மரத்துப்போவதைக் கண்டு ஒருவரும் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அழுத்தம் பல மணி நேரம் நீடித்தாலோ, நாள்தோறும் ஒரே இடத்தில் விழுந்தாலோ, கதை வேறு. 1972 இல் ஓச்சோவா, ஃபவுலர், கில்லியட் என்னும் மூவர் வெளியிட்ட ஆராய்ச்சியில், கடுமையாக இறுக்கப்பட்ட நரம்பிழைகளில், ஒரு துண்டின் உறை அடுத்த துண்டின் உறைக்குள், ஒரு மூங்கில் குழாய்க்குள் மற்றொன்றைச் செருகினாற்போல, புகுந்துவிட்டிருப்பது உருப்பெருக்கியில் தெரியவந்தது. அது நேராக ஐந்து நிமிஷம் போதாது, வாரங்களும் மாதங்களும் ஆகும். முழங்காலின் வெளிப்புற நரம்புக்கு அந்தக் கதி நேர்ந்தால் பாதத்தை மேலே தூக்க முடியாமல் போகிறது. நடக்கையில் முன்பாதம் தரையில் இழுபட்டுச் செருப்பு நழுவுகிறது. நெடுநேரம் குந்தியிருந்து வேலை செய்கிறவர்களுக்கு இது நேர்வதை வைத்தியர்கள் நன்கறிவார்கள்.

நம்முடைய சட்டங்கள் இதைப் பற்றி என்ன சொல்கின்றன? நின்றே வேலை செய்கிறவர்களைப் பற்றிச் சட்டம் நினைத்துப் பார்த்திருக்கிறது. 1948 ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் நிற்பவர்களுக்கு உட்கார வசதி செய்து தரவேண்டும் என்று விதித்தது. துணிக்கடைகளில் காலை முதல் இரவுவரை நின்று கால் வீங்கிய பெண்களின் போராட்டத்தின் பயனாகக் கேரளம் 2018 இலும், பின்னர்த் தமிழ்நாடு 2021 இலும், கடைகளில் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கின. அவை போற்றத்தக்க சட்டங்கள். ஆனால் நாள் முழுதும் தரையில் மடங்கிக் கிடப்பவனுக்கு எழுந்திருக்கும் உரிமை என்று எவரும் இன்னும் எழுதவில்லை. ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கலாகாது, இடையே அரைமணி ஓய்வு தரவேண்டும் என்ற விதி அதே 1948 ஆம் வருஷத்துச் சட்டத்தில் இருந்தது. கால்மணியில் மரத்துப்போகத் தொடங்கும் நரம்புக்கு ஐந்து மணி என்பது யுகம். அதுவும், மின்விசை பயன்படுத்தும் இடமாயின் பத்துப்பேராவது, இல்லையேல் இருபதுபேராவது வேலை செய்யும் இடங்களுக்கென்றுதான் அந்தச் சட்டம் எழுதப்பட்டது. முறுக்குப் பிழியும் அம்மாளின் வீட்டில் அவரும் அவர் மருமகளும்தான்.

மாதுங்காவில் குடியிருக்கிறவன் மரப்பைப் பற்றி எழுதும்போது, இந்த ஊரின் பெயரோடு அந்தச் சொல் நூற்று முப்பது வருஷங்களுக்கு மேலாகப் பிணைந்திருப்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. 1890 இல், அந்நாள் மாநகராட்சி ஆணையரான எச். ஏ. அக்வர்த்தின் முயற்சியால், வீடற்ற தொழுநோயாளருக்கென ஒரு புகலிடம் மாதுங்காவில் திறக்கப்பட்டது. அந்தப் புகலிடம் இன்று வடாலாவில் அவர் பெயரால் மருத்துவமனையாக நிற்கிறது. தொழுநோய் தோலின் நோயென்று நினைக்கிறோம். அது முதன்மையாக நரம்பின் நோய். அதன் கிருமி குளிர்ந்த இடத்தை நாடுவது. ஆகவே தோலுக்கு அருகே மேலாக ஓடும் நரம்புகளையே தேடிச் சென்று தங்குகிறது. முழங்கை நரம்பையும், முழங்காலின் வெளிப்புற நரம்பையும். சம்மணமிட்டால் நசுங்குகிற அதே நரம்பு, அதே இடம். வேறுபாடு ஒன்றுதான்: எழுந்து நின்றால் அந்த மரப்பு போவதில்லை.

வலியும் அசௌகரியமும் இல்லாத உடல் எப்படி அழியும் என்பதை உலகுக்குக் காட்டியவர், கொல்லிமலையில் பிறந்து, 1946 முதல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய பால் பிராண்ட். தொழுநோயாளரின் விரல்களும் பாதங்களும் அழிவது நோய் தின்பதால் அன்று. சுடுகின்ற பாத்திரம் சுடுவது தெரியாமல் பிடிப்பதாலும், செருப்பில் ஏறிய ஆணியோடே நடப்பதாலும், ஒரே இடத்தில் ஊன்றி ஊன்றி நடந்தும் காலை மாற்றி வைக்கத் தோன்றாமையாலும் வந்த காயங்களே காரணம் என்று அவர் நிறுவினார். மேடையில் வித்வான் தன்னையறியாமல் காலை மாற்றிக்கொள்கிறாரே, அந்த ஒரு பாக்கியம் போனால் மனிதனுக்கு என்ன ஆகும் என்பதற்கு வேலூரின் வார்டுகள் சாட்சியம் சொல்லின. இங்கே பம்பாயில் 1976 இல் டாக்டர் ஆர். கணபதி தொடங்கிய பாம்பே லெப்ரஸி பிராஜெக்ட், நோயாளி தேடி வரட்டும் என்று காத்திராமல், தாராவியின் சந்துகளுக்குள்ளேயே சென்று நோயாளரைக் கண்டுபிடித்து மருந்து கொடுத்தது. தொழுநோய் பொதுச்சுகாதாரப் பிரச்சினை என்ற நிலையை 2005 இல் கடந்துவிட்டது என்று நம் நாடு அறிவித்தது. ஆனால் உலகில் ஆண்டுதோறும் புதிதாகக் கண்டறியப்படுகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இன்றும் இந்தியரே.

எழுந்து நின்றாலும் போகாத மரப்பைத் தருவது தொழுநோய் மட்டுமன்று. செம்பூரில் என் நெடுநாள் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். பதினைந்து வருஷமாகச் சர்க்கரை வியாதிக்காரர். ஒருநாள் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்து வாசலில் பார்த்தபோதுதான் ஒரு காலில் செருப்பு இல்லை என்பது அவருக்குத் தெரிந்ததாம். இதை அவர் வேடிக்கையாகச் சொல்ல, கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. செருப்பு கழன்றதை உணராத பாதம், முள் தைத்ததையும் உணராது. கொப்புளம் புண்ணாவதையும் உணராது. இந்தியாவில் சர்க்கரை வியாதியுடையோர் பத்துக் கோடிக்கும் அதிகம் என்று 2023 இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வு கூறுகிறது, அவர்களில் எத்தனை பேர் இரவில் தூங்குமுன் உள்ளங்காலைத் திருப்பிப் பார்க்கிறார்கள்? பாலும் தயிரும் போதிய அளவு கொள்ளாத சைவ உணவுக்காரர்களுக்கு பி12 என்ற உயிர்ச்சத்துக் குறைந்தும் கைகால் மரக்கும். சர்க்கரைக்காக நெடுங்காலம் மெட்ஃபார்மின் உட்கொள்கிறவர்களுக்கும் அது குறையலாம். மாதுங்கா, செம்பூர் வீடுகளில் இவ்விரண்டும் ஒருவரிடமே சேர்ந்திருப்பது அபூர்வமன்று. ‘வாயு’ என்றும் ‘வயசாயிற்று’ என்றும் சொல்லித் தைலம் தடவிக்கொண்டே வருஷத்தைக் கழிக்கிறார்கள்.

என் கோரிக்கை பெரிதன்று. சட்டம் வரும்வரை காத்திராமல், தாராவியின் கார்கானா முதலாளிகள் அரைமணிக்கு ஒருமுறை, மரச்சட்டத்தைச் சுற்றி இருப்பவர்கள் அனைவரும் ஒரே நேரத்தில் எழுந்து இரண்டு நிமிஷம் காலை நீட்டிவர ஏற்பாடு செய்ய வேண்டும். எல்லோரும் ஒன்றாய் எழுந்தால் ஒருவனுடைய ஊசியும் தவறாது, அந்த நிமிஷங்களுக்குக் கூலியைப் பிடிக்கவும் கூடாது. வீட்டிலிருந்து வேலை செய்யும் பெண்களுக்கு மகனோ மருமகளோ ஒரு தாழ்ந்த முக்காலியை வாங்கித் தரலாம். மகாராஷ்டிர அரசு எழுந்திருக்கும் உரிமையை இத்தனை பேர் என்ற கணக்குப் பாராமல் எழுதிவைக்க வேண்டும்.

வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. கால் மரத்தால் உடனே எழாதீர்கள். காலை நீட்டி, குறுகுறுப்பு அடங்கியபின் எழுங்கள். நீட்டியும் உதறியும் போகாத மரப்பு, உட்காராமலே வருகிற மரப்பு, இரவில் எழுப்புகிற மரப்பு, தொட்டால் தெரியாத தேமல், தூக்க முடியாத பாதம், இவற்றில் எதுவாயினும் தைலத்தை வைத்துவிட்டு வைத்தியரிடம் போங்கள். முகம் கோணியோ பேச்சுக் குழறியோ ஒருபுறம் திடீரென்று மரத்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்க வேண்டாம். தொழுநோயாக இருந்துவிடுமோ என்ற வெட்கத்தால் வீட்டிலேயே ஒளிந்திருக்க வேண்டிய காலம் என்றோ போய்விட்டது: அதற்கான கூட்டு மருந்து ஆறு மாதம் அல்லது ஒரு வருஷம் உட்கொள்ள வேண்டியது, அரசு மருத்துவமனைகளில் அதற்கு ஒரு பைசாவும் வாங்குவதில்லை, தாராவியிலிருந்து சயான் மாநகராட்சி மருத்துவமனை நடந்து போகும் தூரம்.